ஒருமுறையேனும் உண்டு பார்க்க வேண்டியவை



இறப்பதற்கு முன் உண்டு பார்க்க வேண்டிய நூறு உணவுகள், ஆயிரம் உணவுகள் என்று மேனாட்டார் பட்டியலிட்டுப் பெரிய பெரிய நூல்களாக வெளியிடுகின்றனர். புரட்டிப் பார்த்தால் நமக்கு ஆகாதவை அவற்றில் ஏராளம். சிலவற்றைப் படத்தில் பார்த்தாலே நம் வீட்டுப் பெண்கள் நூலை மூடி வைத்துவிடுவர். எனினும் "ஆயுளில் ஒருமுறையேனும்" என்னும் அந்த எண்ணம் நல்ல எண்ணமே. அல்லாஹ் இவ்வுலகில் பரப்பி வைத்திருக்கும் ஹலாலான உணவுகளின் எண்ணிக்கைக்கு அளவேது? இட்லிக்கும் பிரியாணிக்கும் இடையே நம் வாழ்நாளை முடித்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

புதிய உணவு என்றதும் முதலில் நினைவுக்கு வர வேண்டியது, நபிமொழி நூல்களில் இடம்பெற்றுள்ள ஒரு நிகழ்ச்சி. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் பெருமானார் (ஸல்) அவர்களின் முன்னே சுட்ட இறைச்சி வைக்கப்படுகிறது. அது நஜ்துப் பகுதியிலிருந்து வந்த 'ளப்பு' என்னும் பாலைவனப் பல்லியினத்தின் இறைச்சி என்று தெரிவிக்கப்பட்டதும் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அருகிலிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள், இது ஹராமா என்று வினவினார்கள். ஹராமில்லை என்றும், தம் மக்களின் மண்ணில் இது இல்லாததால் தமக்கு இதில் விருப்பம் எழவில்லை என்றும் விடை கிடைத்தது. காலித் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தடுக்கவில்லை.

(நம்மவர் சிலர் இந்த 'ளப்பு' என்பதை உடும்பு என்றே மொழிபெயர்த்துவிடுகின்றனர். இரண்டும் வேறு வேறு உயிரினங்கள். அரபு நாட்டு ளப்பு பெரும்பாலும் செடி கொடிகளை மேய்வது. நம் நாட்டு உடும்போ ஊனுண்ணி. அதை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும். ளப்பை உண்பது பற்றி ஷாஃபி மத்ஹபும் ஹனஃபி மத்ஹபும் ஒரே கருத்துக் கொண்டவை அல்ல என்பதும் கற்றோர் அறிந்ததே. நண்டு விஷயத்தில் காயல்பட்டினத்தாருக்கும் வாணியம்பாடியாருக்கும் இருக்கிற வேறுபாடும் இத்தகையதே.)

ஆக, ஓர் உணவு நமக்குப் புதுமையாகத் தோன்றுவதும் பழக்கமாகத் தோன்றுவதும் நாம் பிறந்த மண்ணைப் பொறுத்தது. அப்படியானால் நம் கடற்கரை ஊர்களின் மண் எது? கீழக்கரையும் காயலும் நாகூரும் ஒரு காலை மண்ணிலும் மறுகாலைக் கடலிலும் வைத்திருந்த ஊர்கள். மரக்கலம் ஏறிச் சென்ற மரைக்காயர்கள் துணியை விற்றுவிட்டுப் பாக்கும் வாசனைப் பொருள்களும் மட்டும் ஏற்றி வரவில்லை. அக்கரைச் சமையற்கட்டின் மணத்தையும் சேர்த்தே கொண்டுவந்தனர். மேனாட்டார் விமானம் ஏறித் தேடிப்போகும் அதிசய உணவுகளில் சில, நம் பெரியம்மாவின் அடுக்களையிலேயே இருக்கின்றன என்பதை எடுத்துக்காட்டவே இக்கட்டுரை.

முதலில் மாசி. மாசிக்கருவாடு என்றும் சொல்வர். கையில் எடுத்துப் பார்த்தால் மீன் என்று நம்ப இயலாது. கருங்காலிக் கட்டைபோல் இருக்கும். தட்டினால் கட்டையின் ஓசையே கேட்கும். மாலத்தீவில் சூரை மீனைத் தலை, குடல், முள் நீக்கி, நீளவாக்கில் துண்டுகளாக்கி, உப்பு நீரில் வேகவைத்து, புகையில் இட்டு, பின்னர் வெயிலில் பலநாள் காயவைத்து இதைச் செய்கின்றனர். ஈரம் முற்றிலும் வற்றிவிடுவதால் குளிர்பெட்டி இல்லாமலே மாதக்கணக்கில் கெடாது. மீன் வெந்த நீரையும் அவர்கள் கொட்டுவதில்லை. அதையே மீண்டும் மீண்டும் காய்ச்சிக் குழம்பாக்கி 'ரிஹாகுரு' என்ற பெயரில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கின்றனர்.

இதைப் பற்றி எழுதியவர்களுள் ஒருவர் உலகம் சுற்றிய இப்னு பதூதா. 1343ஆம் ஆண்டு மாலத்தீவை அடைந்து அங்கே காழியாகவும் பணியாற்றியவர் அவர். ஒவ்வொரு மீனையும் நான்காக அரிந்து, இலேசாக வேகவைத்து, ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையில் தொங்கவிடுவர் என்றும், அது இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யமனுக்கும் ஏற்றுமதியாகிறது என்றும் தம் பயண நூலில் குறித்துள்ளார். ஏறத்தாழ 680 ஆண்டுகள் கழிந்தும் செய்முறை பெரிதாக மாறவில்லை. மாலத்தீவை விட்டு இலங்கைக்குச் சென்று பாவா ஆதம் மலையைக் கண்ட இப்னு பதூதா, அதன் பின்னர் வந்திறங்கியது நம் மஅபர் கரையில்தான். அக்காலத்தில் மதுரையை ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் தம்கானி, மணவழியில் அவருக்கு உறவினருங்கூட.

மாசியை உண்ணும் முறை எளிது. உரலில் இட்டு இடித்துத் தூளாக்கி, சின்ன வெங்காயம், மிளகாய், தேங்காய்ப்பூ, உப்புச் சேர்த்துத் தட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்தால் மாசிச் சம்பல். சூடான இடியாப்பத்தோடு உண்டு பாருங்கள். மிக்சியில் அரைத்தால் கூழாகிவிடும். உரல் இல்லாதவர்கள் அம்மியில் நசுக்கிக்கொள்ளலாம். புதிதாக உண்பவர்க்கு முதல் கவளத்தில் மீன்வாடை முந்தும். மூன்றாம் கவளத்தில் புகைமணம் தெரியும். அதன்பின் கை நிற்காது.

இரண்டாவது தொதல். கீழக்கரைத் தொதல் என்றால் அறியாதார் குறைவு. அதன் பிறப்பிடம் இந்தோனேசியத் தீவுகள் என்பதை அறிந்தவர் அதினும் குறைவு. அங்கும் மலேசியாவிலும் அதன் பெயர் 'தோடோல்'. இலங்கையில் 'களு தொதல்', அதாவது கறுப்புத் தொதல். மலாய் மக்கள் வாழும் அம்பாந்தோட்டை அதற்குப் பேர்போனது. கோவாவில் கிறிஸ்தவர்கள் தங்கள் பண்டிகைக்கு இதையே கிளறுகின்றனர். அரிசி மாவு, தேங்காய்ப்பால், வெல்லம் அல்லது கருப்பட்டி ஆகிய மூன்று பொருள்கள் ஒரு பெருங்கடலைச் சுற்றி வந்திருக்கின்றன!

பொருள்கள் மூன்றே என்று எளிதாக எண்ணிவிட வேண்டா. நான்காவது பொருள் ஒன்றுண்டு. அது மனித உழைப்பு. அடிகனத்த பெரிய சட்டியில் எல்லாவற்றையும் கரைத்து ஊற்றி, விறகடுப்பில் ஏற்றி, கையெடுக்காமல் கிளற வேண்டும். முதலில் மாவு வெந்து கூழாகும். பிறகு நீர் சுண்டச் சுண்டக் கிளறும் துடுப்பு கனக்கத் தொடங்கும். தேங்காய்ப்பாலில் உள்ள எண்ணெய் பிரிந்து சட்டியின் ஓரத்தில் கசிந்து வரும்வரை நான்கைந்து மணி நேரம் ஆகும். நடுவில் சற்று நிறுத்தினால் அடிபிடித்துவிடும். அடிபிடித்த தொதலின் கருகல் வாடையை ஏலக்காய் போட்டு மறைக்க முடியாது. ஆகவேதான் இது ஒருவர் செய்யும் பண்டமாக ஒருநாளும் இருந்ததில்லை. உம்மா கை ஓய்ந்தால் சாச்சி, சாச்சி ஓய்ந்தால் பக்கத்து வீட்டு மாமி என்று கை மாறிக்கொண்டே இருக்கும். கூட்டுக்குடும்பம் கலைந்து, மூவரும் நால்வரும் வாழும் அடுக்குமாடி வீடுகளில் தொதல் கிளறப்படாததற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்வது அநியாயம். கிளறுவதற்கு ஆளில்லை என்பதே உண்மை.

இன்று பொட்டலத்தில் தொதல் கிடைக்கிறது. கீழக்கரையில் பெண்கள் வீட்டிலேயே கிளறி விற்றுக் குடும்பம் நடத்துவதும் உண்டு. அப்படிக் கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். நல்ல தொதலின் அடையாளம், விரலால் அழுத்தினால் எண்ணெய் மினுங்கும். ஆனால் விரலில் ஒட்டாது. பல்லிலும் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அவசரத்தில் இறக்கியது என்று பொருள்.

தொதல் மலாய்த் தீவுகளிலிருந்து நேரே வந்ததென்றால், வட்டலப்பம் இலங்கையைச் சுற்றிக்கொண்டு வந்தது. டச்சுக்காரர்கள் 1656இல் கொழும்பைப் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றிய பின்னர், ஜாவா முதலிய தீவுகளிலிருந்து படைவீரர்களையும், தங்களை எதிர்த்த குற்றத்திற்காக நாடு கடத்தப்பட்ட அரச குடும்பத்தாரையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தனர். அவர்களின் வழித்தோன்றல்களே இலங்கை மலாய் மக்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் 'ஸ்ரீகாயா' அவர்களின் தாயகத்துப் பண்டம். இலங்கையில் அது கித்துள் கருப்பட்டியின் கருமையையும் ஏலம், சாதிக்காய் மணத்தையும் பெற்று வட்டலப்பம் ஆயிற்று. பெயர் மட்டும் தூய தமிழ் என்பர். வட்டிலில் ஊற்றி அவிக்கும் அப்பம் வட்டிலப்பம். நாடிழந்து வந்தவர்களின் இனிப்பு நம் மொழியில் பெயர் சூட்டிக்கொண்டு இன்று இலங்கை முஸ்லிம்களின் பெருநாள் உணவில் முதலிடம் பெற்றிருக்கிறது. காயலிலும் கீழக்கரையிலும் அது அந்நியப் பண்டமன்று.

சகோதரிகள் கவனிக்க: கருப்பட்டியைக் கெட்டித் தேங்காய்ப்பாலில் கரைத்து வடிகட்ட வேண்டும், மண் இருக்கும். முட்டையை நுரை பொங்க அடிக்க வேண்டியதில்லை, கலந்தால் போதும். மிதமான ஆவியில் அவித்தால் வழவழப்பாகவும், ஆவி மிகுந்தால் உள்ளே கண் கண்ணாகத் துளை விழுந்தும் வரும். துளை விழுந்தது குறையென்று கருத வேண்டா. அந்தத் துளைகளில் கருப்பட்டிச் சாறு தேங்கி நிற்பதே சுவை என்று வாதிடுவோர் இலங்கையில் நிரம்ப உண்டு. இவ்வழக்கில் தீர்ப்பு அவரவர் நாவுக்கே! கித்துள் கிடைக்காதவர்கள் பனங்கருப்பட்டியில் செய்யலாம். வெள்ளைச் சர்க்கரையில் மட்டும் செய்யாதீர்கள். அது வேறு பண்டம்.

இனிச் சொல்லப்போவது இவையெல்லாவற்றிலும் விந்தையானது. மலபார் மாப்பிள்ளைமார்களின் முட்டைமாலை. கோழிக்கோடு, கண்ணூர், தலச்சேரி வட்டாரங்களில் புதுமாப்பிள்ளை விருந்தென்றால் இது பரிமாறப்படும். முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் பிரித்து, துணியில் வடிகட்டி, அடியில் சிறு துளையிட்ட கொட்டாங்கச்சியில் ஊற்றி, கொதிக்கும் சர்க்கரைப் பாகின்மேல் வட்டம் வட்டமாகச் சுழற்றுவர். துளை வழியே இறங்கும் இழை பாகில் விழுந்த கணமே வெந்து பொன்னிற நூலாகிறது. நூலை அள்ளித் தட்டில் மாலைபோல் பரப்புகின்றனர். மீந்த வெள்ளைக் கரு? அதைச் சர்க்கரையும் ஏலமும் சேர்த்து அவித்து 'பிஞ்ஞாணத்தப்பம்' ஆக்கி, துண்டுகளாக அரிந்து மாலையோடு வைப்பர். ஒரு துளியும் வீண் போவதில்லை. கைநடுக்கம் உள்ளவர் இதைச் செய்ய முடியாது. ஓடுகிற கை சற்றே தயங்கினாலும் நூல் கட்டியாகிவிடும்.

இந்த மாலைக்கு உலகெங்கும் உடன்பிறப்புகள் இருக்கின்றன. போர்ச்சுகல் நாட்டில் இதன் பெயர் முட்டை நூல் என்றே பொருள்படும். அங்கே கன்னிமாடங்களில் வெள்ளைக் கருவைத் துணிக்குக் கஞ்சியாகப் பயன்படுத்தியதால் மீந்த மஞ்சள் கருவிலிருந்து இத்தகைய இனிப்புகள் பெருகின என்பர். தாய்லாந்தில் 'ஃபோய் தோங்', பொன்னிழை என்று பெயர். பதினேழாம் நூற்றாண்டில் அயுத்தயா அரண்மனையில் இருந்த மரியா கியோமார் என்னும் கலப்பினப் பெண்மணி அதை அங்கே அறிமுகப்படுத்தியதாக அந்நாட்டு மரபு. ஜப்பானில் ஃபுகுவோகா நகரத்திலும் இதே பண்டம் உண்டு. இவ்வூர்கள் அனைத்தையும் ஒரு கோட்டில் இணைத்துப் பாருங்கள். அது போர்ச்சுகீசியக் கப்பல்கள் சென்ற வழி! மலபாருக்கும் அவ்வழியேதான் வந்திருக்க வேண்டும் என்றே கருதப்படுகிறது.

போர்ச்சுகீசியர் நமக்குச் செய்தது என்ன? வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் கால் வைத்தது 1498. 1502ஆம் ஆண்டு தம் இரண்டாம் வருகையில், மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஹாஜிகளின் கப்பலை மடக்கிப் பெண்களும் குழந்தைகளும் உட்பட உயிரோடு எரித்தவர் அவர். கடலில் அவர்களைத் தலைமுறை தலைமுறையாக எதிர்த்து நின்ற குஞ்ஞாலி மரைக்காயர் மரபில் நான்காமவர், 1600இல் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். பொன்னானியின் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் அக்கொடுமைகளை அரபு மொழியில் எழுதி வைத்த நூலே துஹ்ஃபத்துல் முஜாஹிதீன். அத்தகைய பகைவரின் இனிப்பு, அக்கொடுமைக்கு ஆளான சமுதாயத்தின் மணவிருந்தில் மாலையாக வீற்றிருக்கிறது! கடலில் பீரங்கிகள் முழங்கிய காலத்திலேயே கரையில் ஏதோ ஓர் அடுக்களையில், ஏதோ ஒரு பெண், அவர்களின் உலோகக் குழலுக்குப் பதிலாக நம் தேங்காய்ச் சிரட்டையில் துளையிட்டிருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. வரலாற்று நூல்களில் குஞ்ஞாலிகளின் பெயர் உண்டு. அப்பெண்ணின் பெயர் இல்லை.

கோழிக்கோடு செல்லும் வாய்ப்புள்ளவர்கள் பிரியாணியோடு திரும்பிவிடாதீர்கள். முட்டைமாலை எல்லாக் கடையிலும் தட்டில் கிடப்பதில்லை. முன்கூட்டிச் சொல்லி வைத்தால் செய்து தருவர். இனிப்பு மிகுதி. இரண்டு கவளம் போதும். நீரிழிவுக்காரர்களுக்கு ஒரு கவளம் கண்ணால் மட்டும்!

இனிப்பிலேயே நின்றுவிட்டோம். உப்பிட்ட உணவுக்கு வருவோம். ஹரீஸ் அல்லது ஹரீஸா. உரித்த கோதுமையும் இறைச்சியும் உப்பும் நீரும் மட்டும் சேர்த்து, மணிக்கணக்கில் வேகவிட்டு, எது கோதுமை எது இறைச்சி என்று தெரியாதவாறு மரத்துடுப்பால் அடித்து, மேலே நெய் ஊற்றித் தருவது. பக்தாதில் பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலிலேயே இது இடம்பெற்றுவிட்டது. 2023இல் ஐக்கிய அரபு அமீரகம், ஓமான், சவூதி அரேபியா ஆகிய நாடுகள் இணைந்து விண்ணப்பித்ததன் பேரில், இதன் செய்முறையை யுனெஸ்கோ நிறுவனம் மானுட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஹைதராபாத்தில் நிஜாமின் படையில் பணியாற்ற வந்த ஹளரமௌத் அரபிகள் குடியிருந்த பார்க்காஸ் பகுதியில் இன்றும் காலை உணவாகக் கிடைக்கிறது. அதே நகரில் பருப்பும் மசாலாவும் சேர்ந்து மெருகேறியதே புகழ்பெற்ற ஹலீம். 2010இல் புவிசார் குறியீடு பெற்றது. ஸ்ரீநகரில் பனிக்காலத்து விடியலில் ஆவி பறக்கத் தருவதும் இதன் இனமே. ஹலீமை உண்டவர் பலர். ஆனால் மசாலா ஏதுமற்ற ஹரீஸை ஒருமுறை உண்டு பாருங்கள். காரத்திற்குப் பழகிய நம் நாக்கு முதலில் ஏமாறும். பிறகு, கோதுமைக்கு இவ்வளவு சுவை இருந்ததா என்று வியக்கும்.

உள்நாட்டு வாசகர்கள் கோபிக்க வேண்டா. கடற்கரைக்கு மட்டுமே அதிசயம் சொந்தமில்லை. ஆற்காட்டு மக்கன் பேடாவை ஆற்காட்டிலேயே உண்ண வேண்டும். கோவாவும் மைதாவும் பிசைந்து, நடுவே பருப்பு வகைகள் வைத்துப் பொரித்து, பாகில் ஊறவிட்டது. குலாப் ஜாமூனின் பணக்காரப் பெரியப்பா என்னலாம். இராவுத்தர் வீடுகளின் தக்கடியோ ஏழைக்கும் எட்டுவது. அரிசி மாவில் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, கைப்பிடிக்குள் அடங்கும் கொழுக்கட்டையாகப் பிடித்து, கொதிக்கும் கறி ஆணத்திலேயே போட்டு வேகவைப்பது. பிடித்தவரின் விரல் தடம் கொழுக்கட்டையில் பதிந்திருக்கும். அத்தடத்தில்தான் ஆணம் ஏறும்.

இத்தனை வேலையும் பொருளும் வேண்டாத ஓர் உணவையும் சொல்லிவிடுகிறோம். தல்பீனா. வாற்கோதுமை மாவைப் பாலிலோ நீரிலோ கரைத்துக் காய்ச்சித் தேன் சேர்ப்பது. பாலைப்போல் வெண்மையாக இருப்பதால் அப்பெயர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், தம் குடும்பத்தில் எவரேனும் மறைந்தால், துக்கம் கேட்க வந்த பெண்கள் கலைந்து நெருங்கிய உறவினர் மட்டும் எஞ்சியிருக்கும் வேளையில் ஒரு சட்டி தல்பீனா காய்ச்சச் சொல்வார்களாம். ரொட்டியைப் பிட்டு இறைச்சி ஆணத்தில் ஊறவைத்த தரீதின்மேல் அதை ஊற்றி உண்ணச் செய்வார்களாம். நோயாளியின் உள்ளத்துக்கு அது ஆறுதல் தரும், கவலையில் ஒரு பகுதியைப் போக்கும் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதாக அன்னையார் அறிவித்துள்ளதை புகாரியில் காணலாம்.

அந்த வேளையை எண்ணிப் பாருங்கள். மய்யித்து அடக்கமாகி, கூட்டம் கலைந்து, விரித்த பாய்கள் சுருட்டப்பட்டபின் வீட்டில் இறங்கும் அமைதி! அழுது தொண்டை கட்டியவர்களுக்குப் பிரியாணி இறங்காது. கஞ்சி இறங்கும். இன்று மய்யித்து வீட்டிலேயே மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று பந்தி விரித்து, துக்கத்தோடு கடனையும் சுமக்க வைக்கிறோம். மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி எட்டியபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள் என்றே பெருமானார் (ஸல்) அவர்கள் மற்றவர்களைப் பணித்தார்கள். உங்கள் தெருவில் அத்தகைய நாள் ஒன்று வருமானால், இன்னாலில்லாஹி என்று சொல்லி ஒரு தூக்குச் சட்டியில் தல்பீனா காய்ச்சி எடுத்துச் செல்லுங்கள். இரண்டு மேசைக்கரண்டி வாற்கோதுமை மாவுக்கு இரண்டு குவளை பாலோ நீரோ போதும். குளிர்ந்த நிலையிலேயே கரைத்துவிட்டு அடுப்பில் ஏற்றினால் கட்டி விழாது. இளந்தீயில் பத்துப் பதினைந்து நிமிடம் கிளறி, இறக்கிச் சற்று ஆறியபின் தேன்.

இனி, வீட்டிலுள்ள இளைய தலைமுறையினரிடம் ஒரு வேலை ஒப்படைக்க விரும்புகிறோம். மேலே சொன்ன பண்டங்களில் ஒன்றையோ, நாம் கேள்வியே படாத வேறொன்றையோ கைப்பழக்கத்தில் வைத்திருக்கும் மூதாட்டி ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருக்கக் கூடும். எழுபதும் எண்பதும் கடந்த அவரிடம் அளவு கேட்டால், "கண்ணளவுதான்ம்மா, கைக்குத் தெரியும்" என்பார். அவர் மறைத்துப் பேசவில்லை. உண்மையிலேயே அவர் கைக்குத்தான் தெரியும். அக்கை மண்ணறைக்குப் போகும் நாளில் அளவும் உடன் போய்விடும். கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்கும் பண்டாரிகளின் வித்தை பட்டறையில் கற்றுக்கொடுக்கப்பட்டுப் பிழைத்துவிடுகிறது. வீட்டுப் பெண்களின் வித்தைக்கு அப்படியொரு பட்டறை இல்லை.

கைபேசியில் படம் பிடித்தால் போதாதா என்பீர்கள். பிடியுங்கள், ஆனால் படத்தில் எடை தெரியாது. ஆகவே இப்படிச் செய்யுங்கள். அவர் சமைக்கும் நாளில் மாவு, கருப்பட்டி, தேங்காய் ஒவ்வொன்றையும் பாத்திரத்தோடு முன்னரே எடை போட்டு வைத்துவிடுங்கள். அவர் தம் வழக்கப்படி அள்ளிப் போடட்டும், குறுக்கே பேசாதீர்கள். போட்டு முடித்தபின் மிச்சத்தை மறுபடி எடை போட்டால், குறைந்திருப்பதே அவருடைய கண்ணளவு. தேங்காய் எத்தனை, அதன் முதற்பால் எவ்வளவு, இரண்டாம் பால் எவ்வளவு என்பதைத் தனித்தனியே குறியுங்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதுங்கள். ஆனால் "பத்து நிமிடம்" என்பதைவிட "ஓரத்தில் எண்ணெய் கசியும் வரை" என்று அவர் சொல்வதே முக்கியம். அச்சொற்களை அவர் சொன்னவாறே எழுதுங்கள். உங்கள் நடைக்கு மாற்றாதீர்கள். விறகா, எரிவாயுவா, மண்சட்டியா, தாமிரமா என்பதும் வேண்டும். பிறகு ஒருநாள் அவரை அருகில் நாற்காலியில் அமர்த்தி, அத்தாளைப் பார்த்து நீங்களே சமையுங்கள். அவர் "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லும் இடங்களில்தான் தாளில் பிழை இருக்கும்.

இதைத் தமக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்றும் அவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு மாமியாரின் பெயரோ, கொழும்பிலோ பினாங்கிலோ வாழ்ந்து திரும்பிய ஒரு பெரியம்மாவின் பெயரோ வரும். அப்பெயரையும் ஊரையும் தாளின் தலைப்பில் எழுதி, ஒரு படியை நமது அலுவலக முகவரிக்கு அனுப்பி வையுங்கள். தெளிவாகவும் அளவோடும் இருப்பவற்றை, சொன்னவரின் அனுமதி பெற்று, வரும் இதழ்களில் இன்ஷா அல்லாஹ் வெளியிடுவோம். ரமளானுக்கு முன் வந்து சேர்ந்தால் பெருநாள் சமையலுக்கே மற்றவர்களுக்கும் பயன்படும்.